வளைந்து காட்டச் சொன்ன எக்ஸ்ரே

என் முதுகெலும்பு இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. மேலே வலப்பக்கம் பெரிய வளைவு, கீழே இடப்பக்கம் சின்னது. ஏன் வந்தது என்று டாக்டருக்கும் தெரியாது. அதைச் சொல்ல அவர் வெட்கப்படவும் இல்லை. அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. நான் படுத்துக்கொண்டே போன் பார்த்ததால்தானாம்.

பத்தாவது முடித்த விடுமுறையில் ஆபரேஷன். மேல் வளைவை நிமிர்த்தக் கம்பி வைப்பது நிச்சயம். கீழே எதுவரை என்பதுதான் கேள்வி. நான் பக்கவாட்டில் வளையும்போது சின்ன வளைவு நிமிர்ந்தால் அதைத் தொட வேண்டாம். இறுகிப் போயிருந்தால் கம்பி இடுப்புப் பக்கம் வரை இறங்கும். எங்கள் அல்சூரில் சாமி பல்லக்கு வரும்போது மேளத்துக்கு முன்னால் ஆடும் பெண்களில் எங்கள் தெருவுக்கு நான்தான் முதல் ஆள். கம்பி கீழே இறங்கினால் ஓரமாக நின்று கைதட்டலாம், அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த எக்ஸ்ரே. மேசைமேல் படுத்து, இரண்டு பக்கமும் முடிந்தவரை வளைய வேண்டும். டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். நாங்கள் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வீடு திரும்பினோம். அம்மா நாலு வீட்டில் சமைப்பவள். எதற்கும் முன்கூட்டியே தயாராகிவிடுவாள்.

"வளையச் சொல்லுவாங்க. நீ பாட்டுக்கு வளைஞ்சுடாத. சும்மா லைட்டா வளை. ரொம்பக் கோணல்னு தெரிஞ்சா நீளக் கம்பியாப் போட்டுடுவாங்க."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மேசையில் படுத்தேன். எக்ஸ்ரே எடுப்பவர், "லெஃப்ட் சைட் வளைம்மா, இன்னும் ஸ்வல்ப" என்று கன்னடம் கலந்து கெஞ்சினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டை மாதிரி கிடந்தேன். எனக்கு ஒரே பெருமை.

டாக்டர் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கீழ் வளைவு டைட்டா இருக்கு. கம்பி கீழ வரைக்கும் போகணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், நான் வளையவே இல்ல சார்! அம்மாதான் வேணாம்னாங்க!"

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரில் இருந்த கால்சியம் மாத்திரை விளம்பரத்தை அக்கறையாகப் படித்தாள். டாக்டர் ஒருமுறை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இடப்பக்கப் படம் ஒன்று மட்டும் திரும்ப எடுக்கச் சொல்லி, தானும் கூடவே வந்தார்.

என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள அம்மாவைக் கூப்பிட்டு, எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க அவளுக்கு ஈய ஏப்ரன் மாட்டிவிட்டார்கள். அந்தக் கனத்தில் தள்ளாடிக்கொண்டு வந்து இரண்டு கையாலும் பிடித்தாள். பிறந்ததிலிருந்து என்னை நிமிரச் சொல்லியே ஓய்ந்தவள், அந்த அறையே அதிரும்படி கத்தினாள். "வளைடி! இன்னும் வளைடி! நல்லா வளையேன்டி, சாப்பிடலயா நீ?"

வளைந்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் வளைந்தேன். எனக்குப் போட்டுவிட்ட ஆஸ்பத்திரி கவுனின் முதுகு நாடாக்கள் படபடவென்று அவிழ்ந்தன. எக்ஸ்ரேக்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "சிரிக்காதம்மா, படம் ஷேக் ஆகுது" என்றார்.

திரையில் படம் வந்தது. கீழ் வளைவைக் காணோம். எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக, பேச்சுக் கேட்கும் பிள்ளைகள்போல நேராக நின்றன.

"கீழ தொடமாட்டேன். இடுப்பு அவளுக்கே" என்றார் டாக்டர்.

அம்மா நம்பவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு கன்னடத்திலும் கேட்டாள். அதையும் சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. காரிடாருக்கு ஓடி, உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் இடுப்பை ஒடித்து ஒரு ஆட்டம் போட்டேன். "ஏய், பின்னாடி தெறந்து கெடக்குடி!" என்று அம்மா பாய்ந்து வந்து கவுனை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் நிற்கவில்லை. அவளாலும் கையை விட முடியவில்லை. நான் இடப்பக்கம் போனால் அவளும் இடப்பக்கம், வலப்பக்கம் போனால் வலப்பக்கம். திட்டிக்கொண்டே, அழுதுகொண்டே, ஈய ஏப்ரனோடு என் அம்மா ஆடினாள்.