வெறும் வயிறும் நல்லெண்ணெயும்

1. வெள்ளிக்கிழமை

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஒரு டாக்டரின் கிளினிக்கை ஒட்டியிருந்த லேபில் டெக்னீசியனாகச் சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. ஒரு மைக்ராஸ்கோப், ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும் ஒரு சென்ட்ரிபியூஜ், நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஒரு கலரிமீட்டர், மருந்துகளோடு என் மோர்ப் பாட்டிலும் இருக்கும் ஒரு பிரிட்ஜ். லேப் என்றால் அவ்வளவுதான். ஆனாலும் வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

மூன்றாம் மாதம் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சண்முகத்தாய் என்ற பெண் வந்தாள். பத்தொன்பது வயது. நர்ஸ் டிரெய்னிங்கில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை மெடிக்கல் சர்டிபிகேட்டோடு போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும்.

டாக்டர் நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார். இரண்டும் அருமை. தினமும் என்ன வேலை செய்வாய் என்று கேட்டார்.

"கெணத்துல பன்னெண்டு கொடம் தண்ணி எடுப்பேன் டாக்டர். பெறவு சைக்கிள மிதிச்சுத் தோட்டத்துக்குப் போவேன்."

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், அவளுடைய அப்பா நாற்பது வயதில் நெஞ்சுவலியில் போனவர் என்று தெரிந்ததும் மூடிவிட்டார். கொலஸ்ட்ரால் பார்த்துவிட்டுத்தான் சர்டிபிகேட் என்றார். சாப்பிட்டாயா என்று நான் கேட்டேன்.

"இல்லக்கா. ரத்தம் எடுப்பாவன்னு வெறும் வயித்தோடதான் வாரேன்."

ரத்தத்தைச் சுற்றி எடுத்துப் பார்த்தேன். மேலே தெளிந்து நிற்க வேண்டிய சீரம் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. கலங்கிய சீரத்தில் கலரிமீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. தப்பு டியூபிலா, மெஷினிலா என்று பார்க்க நோயில்லாத ஒருத்தியின் ரத்தம் வேண்டும். கம்பவுண்டர் அண்ணாச்சியிடம் என் கையையே நீட்டினேன். சுற்றினால் என்னுடையதும் வெள்ளை!

"நாளையிலருந்து பால்காரர வரவேண்டாம்னு சொல்லிரவா?" என்றார் அண்ணாச்சி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் இரண்டு டியூபையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நீ சாப்பிட்டியாம்மா?"

"இல்ல டாக்டர். பத்து மணிக்குத்தான் டிபன்." சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை.

அவர் இரண்டையும் பிரிட்ஜில் வைக்கச் சொல்லிவிட்டு, சண்முகத்தாயைக் காலையில் மறுபடி வரச் சொன்னார். அவள் அழாமல் போனாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

2. சனிக்கிழமை

விடிந்ததும் அம்மா வழக்கம்போல அடுப்படியில் நின்றாள். ஒரு பச்சை முட்டையை உடைத்து என் வாயில் ஊற்றினாள். காலி ஓடு நிறைய நல்லெண்ணெயை ஊற்றி நீட்டினாள்.

"கண்ண மூடிக்கிட்டு ஒரே மடக்கா குடிட்டி. இடுப்புக்குப் பலம்."

நான் கண்ணை மூடவில்லை. ஓட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். "ஏம்மா, இது சாப்பாடா?"

"கூறுகெட்டவளே, இது மருந்துல்லா! வெறும் வயித்துலதான் குடிக்கணும். சாப்பிட்டுட்டா குடிப்பாவ?"

ஓட்டை அவள் கையிலேயே திணித்துவிட்டு லேபுக்கு ஓடினேன். வயசுப் பெண் உள்ள வீட்டில் எல்லாம் அன்று இதே வழக்கம். எண்ணெய் சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. படித்த எனக்கும் வரவில்லை, அதுதான் வெட்கம்.

பிரிட்ஜைத் திறந்தால் இரண்டு டியூபிலும் வெள்ளை மேலே ஏடாக மிதந்தது. கீழே சீரம் தெளிந்திருந்தது. எண்ணெய்க் கதையைச் சொன்னதும் டாக்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"மேல மிதக்குறது நேத்துக் காலையில குடிச்சது. கீழ தெளிவா இருக்கு பாரு, அதுதான் நீங்க ரெண்டு பேரும்."

ஒன்பது மணி பஸ்ஸில் சண்முகத்தாய் வந்து இறங்கினாள். வாசலிலேயே மறித்தேன். "எண்ண குடிச்சியாட்டி?"

"குடிச்சேன்க்கா. இன்னைக்கு ரெண்டு ஓடு. ரத்தம் எடுக்கப்போறாவ, தெம்பு வேணும்னு அம்மை குடுத்தா."

அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் வெயிட்டிங்கில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

3. ஞாயிற்றுக்கிழமை

எங்களுக்காக டாக்டர் விடுமுறையிலும் கிளினிக்கைத் திறந்தார். "பச்சத் தண்ணியத் தவிர எதுவும் குடிக்கலக்கா, அம்மைக்குத்தான் கோவம்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள் சண்முகத்தாய். சுற்றி எடுத்த டியூபுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தேன். இளமஞ்சள் சீரத்தின் ஊடே எழுத்தைப் படிக்க முடிந்தது. கலரிமீட்டர் முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. என்னுடையதும் அப்படியே. வெள்ளைக் கோட்டோடு குதித்தேன். சண்முகத்தாயும் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். டாக்டர் பேனாவைத் திறந்தார், இந்த முறை மூடவில்லை. "அப்பா போன வயசை மறக்காதே, வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கோ, அந்தச் சைக்கிளை மட்டும் விட்டுராதே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் லேபில் இருந்தேன். "சாப்பிட்டியா?" என்று யாரையும் கேட்டதில்லை. "எந்திரிச்சதுலருந்து வாய்க்குள்ள என்னெல்லாம் போச்சு?" என்றுதான் கேட்பேன். புதிதாக லேபுக்கு வருகிற பிள்ளைகளே, எந்த மெஷினையும் விட அந்தக் கேள்வியை நான் நம்பியிருக்கிறேன். நம் வீட்டுப் பழக்கம்தான் நம் கண்ணுக்குக் கடைசியில் படும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சில வருஷம் கழித்து, புளியங்குடியிலிருந்து ஒரு வயசுப் பெண் ரத்தப் பரிசோதனைக்கு வந்தாள். அவள் கையில் ஒரு நர்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டு. டெஸ்ட்டின் பெயருக்குக் கீழே குண்டு குண்டான எழுத்தில் இப்படி இருந்தது: "அக்கா, முட்டை இல்லை, எண்ணெயும் இல்லை. அவள் அம்மாவிடமே கேட்டுவிட்டேன். சண்முகத்தாய்."