வீட்டில் இறக்கிய கியர்பாக்ஸ்

கியர்பாக்ஸ் வேலையில் இறக்க ஒரு நாள், ஏற்ற ஒரு நாள் என்று கணக்குச் சொல்லிவிடலாம். நடுவில் முழிப்பதற்கு எத்தனை நாள் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல், வீட்டுக்காரி வருவதற்குள் துணியைப் போட்டு மூடியவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

எழுபதுகளில் கோவில்பட்டியில் ஒரு கார் பட்டறையில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். ஒருநாள் முதலாளி நாலு பேர் முன்னால் சத்தம் போட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினேன். சொந்தமாகக் கடை பிடிக்க வழியில்லை. அதனால், 'வீட்டுக்கே வந்து கியர்பாக்ஸ் மாற்றித் தருவேன்' என்று டாக்ஸி ஸ்டாண்டில் சொல்லி வைத்தேன். முதல் வேலை நல்லபடியாக முடிந்தால் ஊரில் நானும் ஒரு மெக்கானிக். சொதப்பினால் மறுபடி முதலாளி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். எனக்கு வேறு தொழில் தெரியாது.

இறங்கிய ஜாக்கி

முதலில் சிக்கியவர் சுடலைமுத்து அண்ணாச்சி. விளாத்திகுளம் போகிற ரோட்டில் ஒரு கிராமம். சொந்தமாக ஒரு டாக்ஸி ஓட்டினார். இரண்டாவது கியரைப் போட்டுக் கையை எடுத்தால் நழுவி வெளியே வந்துவிடும். அதனால் ஒரு கையில் ஸ்டீரிங், ஒரு கையில் கியர் என்று பிடித்தபடியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். மதுரையில் ஒரு பழைய கியர்பாக்ஸை வாங்கியும் வைத்துவிட்டார். பட்டறையில் விட்டால் நல்ல சாமானைக் கழற்றிக்கொள்வார்களோ என்று அவருக்குப் பயம். வீடென்றால் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம் அல்லவா? வெள்ளிக்கிழமை கழுகுமலையில் ஒரு கல்யாணத்துக்கு வண்டி பேசியிருந்தார். நான் போனது திங்கட்கிழமை.

முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. முற்றம் முழுக்கக் கரிசல். ஜாக்கியை வைத்துச் சுற்றினேன். சுற்றச் சுற்ற ஜாக்கி கீழே போனதே தவிர, வண்டி ஓர் அங்குலம்கூட மேலே வரவில்லை. பட்டறையில் சிமெண்டுத் தரை. ஜாக்கி என்றால் மேலேதான் தூக்கும் என்று எட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவன் நான். துணி துவைக்கிற கல்லைப் பெயர்த்து வந்து அடியில் கொடுத்தோம். கல்லும் ஜாக்கியும் சேர்ந்து இறங்கின. பனங்கட்டைகளை அடுக்கி ஒருவழியாக வண்டியை நிறுத்தியபோது, அண்ணாச்சியின் வீட்டுக்காரம்மா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், வெளியே வந்து பார்த்தார்.

"வண்டியத் தூக்குதேன்னு சொல்லிட்டு எங் கல்ல எதுக்குப் பொதைக்கீய?"

தொட்டால் இழுக்கிறவர்கள்

பட்டறையில் கியர்பாக்ஸை இறக்க செயின் பிளாக் உண்டு. இங்கே என்ன உண்டு? காருக்குள் தரைத் தகட்டைக் கழற்றிவிட்டு, குறுக்கே ஒரு கடப்பாரையைப் போட்டு, கிணற்றுக் கயிற்றால் பெட்டியைக் கட்டினோம். கயிற்றைப் பிடிக்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவரும் அவருடைய தம்பியும் வந்தார்கள். நான் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "விடுங்க, விடுங்க" என்றேன்.

விட்டார்கள். பெட்டி தரையைத் தொட்டது. 'அப்பாடா' என்று நான் மூச்சு விடுவதற்குள் சரசரவென்று மறுபடி மேலே ஏறிவிட்டது. இப்படி மூன்று தடவை. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. முகமெல்லாம் எண்ணெயாகத் தலையை வெளியே நீட்டி, "எதுக்கு மாமா மேல இழுக்கீய?" என்று கேட்டேன். நாற்பது வருஷமாகக் கிணற்றில் தண்ணீர் இறைத்த மனுஷர் அவர். என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தார்.

"கீழ தொட்டா மேல இழுக்கணும். ஒங்க ஊர்ல தொட்டா என்னய்யா செய்வாவ?"

சாமான் போன இடம்

மதுரைப் பெட்டி மேல்மூடி இல்லாமல் வந்திருந்தது. ஆகவே பழைய பெட்டியின் மூடியைக் கழற்றிக் கழுவி இதில் மாட்டவேண்டும். அந்த மூடிக்குள் மூன்று இரும்புக் குண்டும், அவற்றை அழுத்த மூன்று சின்ன ஸ்பிரிங்கும் இருக்கும். போட்ட கியரை நழுவாமல் பிடித்து நிறுத்துவது அவைதான். ஒன்று குறைந்தாலும் செய்த வேலை அத்தனையும் வீண்.

மதினியும் அவருடைய தங்கச்சியும் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள். காலிப் பெட்டிகள் தட்டுத் தட்டாகக் குவிந்திருந்தன. பட்டறையில்கூட இந்த வசதி கிடையாது என்று பூரித்துப்போய், ஆறு பெட்டிகளை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு சாமானைப் போட்டு மூடினேன். பத்திரமாக இருக்கட்டும் என்று அதே தட்டின் ஓரத்தில் வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். கை கழுவிச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தட்டே இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் ஆள் வந்து எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போயிருந்தார்.

நானும் அண்ணாச்சியும் பஸ் பிடித்துக் கோவில்பட்டியில் இருந்த அந்தத் தொழிற்சாலைக்கு ஓடினோம். அங்கே ஒரு கூடம் நிறைய ஒரே மாதிரிப் பெட்டிகள். குச்சி அடைக்கிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பெட்டியாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்கள். ஒரே சிரிப்பு. சாயங்காலத்துக்குள் மூன்று குண்டும் கிடைத்துவிட்டன. ஸ்பிரிங் இரண்டுதான் கிடைத்தது. மூன்றாவது போன இடம் இன்றுவரை தெரியாது. அங்கிருந்த கணக்கப்பிள்ளை ஒரு குண்டை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்துவிட்டு அண்ணாச்சியிடம் கேட்டார்.

"ஏன் அண்ணாச்சி, இத எதுல ஒரசுனா பத்தும்?"

பட்டறை வாசலில்

ஒரே ஒரு ஸ்பிரிங். மதுரைக்குப் போய்வர ஒரு நாள் ஆகும். போனாலும் அது மட்டும் தனியாகக் கிடைக்குமா என்பது சந்தேகம். "பேசாம வண்டியக் கட்டி இழுத்துப் பட்டறைக்கே கொண்டுபோயிருவமா தம்பி?" என்று அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வியாழக்கிழமை காலையில், கிடைத்த இரண்டு ஸ்பிரிங்குகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முதலாளியிடம் போனேன். வாசல் வரை போய் இரண்டு தடவை திரும்பினேன். மூன்றாவது தடவை வெட்கத்தை விட்டு உள்ளே நுழைந்தேன்.

முதலாளி தரையில் குந்தியிருந்தார். அவரைச் சுற்றிலும் மூன்று கார்களின் கியர் சாமான்கள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. கழுவுகிறவர் எல்லாவற்றையும் ஒரே மண்ணெண்ணெய்த் தொட்டியில் போட்டுக் கழுவிவிட்டாராம். எது எந்த வண்டிக்கு என்று தெரியாமல் முதலாளி தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவரும் முழிப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்தில் மூன்று குவியல் ஆயிற்று.

பிறகுதான் பையிலிருந்த ஸ்பிரிங்குகளை எடுத்து நீட்டினேன். அவர் ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்து, தேடி, அளந்து பார்த்து, அதே மாதிரி ஒன்றைத் தந்தார். காத்திருந்த கார்க்காரர் ஒருவர், "இது யாரு?" என்று கேட்டார். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல்தான் பதில் சொன்னார்.

"மெக்கானிக்கு. தனியாத் தொழில் பண்ணுதாரு."

கையை எடுத்தபோது

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மண்ணெண்ணெய் நெடி என்று சொல்லித் துடைத்துக்கொண்டு வந்தேன். அன்று சாயங்காலமே பெட்டியை ஏற்றினோம். கயிறு பிடித்தவர்களிடம் இந்தத் தடவை இழுக்க மட்டும் சொன்னேன். அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

எட்டயபுரம் வரை ஓட்டிப் பார்த்தோம். அண்ணாச்சி இரண்டாவது கியரைப் போட்டு, பயந்து பயந்து கையை எடுத்தார். கியர் நின்றது. மேடு ஏறியபோதும் நின்றது, பள்ளத்தில் குலுங்கியபோதும் நின்றது. சும்மாயிருந்த இடது கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்தார், பிறகு தலையைத் தடவினார். எனக்கு வண்டியிலிருந்து குதித்து ஓடவேண்டும் போல சந்தோஷம். வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கும் வண்டி ஒரு குறையில்லாமல் போய்வந்தது. மறுநாள் ஸ்டாண்டில் நாலு டிரைவர்கள் சூழ்ந்து நின்று விசாரித்தபோது, அண்ணாச்சி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்.

"நல்லாத்தான் ஓடுது. ஆனா பட்டறையில பாத்திருந்தா இன்னும் நல்லா ஓடியிருக்குமோ?"

வீட்டிலா பட்டறையிலா என்று இன்றைக்கும் கேட்கிறவர்களுக்கு நான் அடித்துச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: சாமான் இரண்டு இடத்திலும் தொலையும், வீடாக இருந்தால் சாப்பாடு போட்டுத் தேடச் சொல்வார்கள்.