வராத தோழிக்குத் திறந்த கேட்

சின்ன விஷயத்துக்கு ஒரு பதிவா என்று நினைக்காதீர்கள், மன்னிக்கவும்.

இன்று சாயங்காலம் முதல்முறையாகத் தனியாகத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்குப் போனேன். பைக் நுழையாமலிருக்க வாசலில் கம்பி நட்டிருக்கிறார்கள். என் வீல்சேரும் நுழையவில்லை.

வாட்ச்மேன் அண்ணா பெரிய கேட்டைத் திறந்துவிட்டார்.

"கூட யாரும் வர்லியாம்மா?"

"ஃப்ரெண்ட் வர்றா அண்ணா." பொய்தான். கூச்சத்தில் வந்துவிட்டது.

"அவங்களும் இந்த வண்டிலதானா? அப்ப கேட்டு தொறந்தே இருக்கட்டும்."

தலையாட்டிவிட்டேன்.

இருட்டும்வரை அவர் வாசலிலேயே நின்று, உள்ளே நுழையப் பார்த்த பைக்குகளை விரட்டிக்கொண்டிருந்தார். நான் மரத்தடியில் தனியாக இருந்தேன்.

கிளம்பும்போது அவர்தான் ஆறுதல் சொன்னார். "உங்க ஃப்ரெண்டு ஜி.எஸ்.டி ரோட்டு டிராஃபிக்குல மாட்டிகினு இருப்பாங்கம்மா."

ஞாயிற்றுக்கிழமை வீல்சேரில் இருக்கும் தோழி யாராவது வர முடியுமா? அண்ணாவிடம் "நான்தான் அந்த ஃப்ரெண்ட்" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.