வேதகிரி கட்டிய குடில்

வேதகிரி யாரையாவது உற்றுப் பார்த்தால் அவர்கள் உடனே உட்கார்ந்துவிடுவார்கள். நின்றால்தானே அளவெடுக்க முடியும்?

சாலவாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்கே சாவு விழுந்தாலும் பூப்பாடை கட்ட அவனைத்தான் கூப்பிடுவார்கள். நாலு மூலைக்கும் மூங்கில் கால் நிறுத்தி, மேலே விதானம் கட்டி, ரோஸும் மஞ்சளும் பச்சையுமாகக் கலர் காகிதத்தைப் பூப்பூவாக ஒட்டி, ஓரமெல்லாம் குஞ்சம் தொங்கவிட்டு அவன் முடிக்கும்போது, அழுதுகொண்டிருப்பவர்கள்கூட மூக்கைச் சிந்திவிட்டு ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்ப்பார்கள். மற்ற நாட்களில் அவன் ஏர் ஓட்டுவான், சேறடிப்பான், ஏரிக்கரையில் மண் வெட்டுவான். அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? நிலபுலன்காரர் பஞ்சாட்சரம் வரப்பில் எதிரே வந்தால், "இன்னாத்துக்குடா மேலயும் கீயயும் பாக்கற? எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்று துண்டை விரித்து வரப்பிலேயே குந்திவிடுவார். வேதகிரியும் சேர்ந்து சிரிப்பான். சிரித்துக்கொண்டே, இவருக்கு ஆறடிக்குக் குறையாமல் வேண்டும் என்று நினைத்துக்கொள்வான். அவன் என்ன செய்வான், கண் கேட்கவில்லை.

அவன் பார்க்கும்போது எழுந்து நின்றவள் ராணியம்மாள் ஒருத்திதான். நடவு வேலைக்கு வந்த இடத்தில், சேற்றுக் கையோடு, "நல்லா பாத்துக்கோயா" என்று நிமிர்ந்து நின்றாள். அதற்கப்புறம் கல்யாணத்தில் போய்த்தான் முடிந்தது.

ராணியம்மாள் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு வேதக்காரத் தெருவில் பிறந்தவள். மாதா கோயிலுக்கு நேர் எதிர் வீடு. அவள் அம்மா மார்த்தாளுக்கு மாப்பிள்ளை வேறு சாமி கும்பிடுவதில் பெரிய வருத்தம் இல்லை. "சாவுக் காகிதம் வெட்டற கையாலதான் எம்பொண்ணுக்குத் தாலி ஏறணுமா?" என்பதுதான் அவள் குறை. அதே காகிதத்தைக் கல்யாணமான மறுவாரமே அவள் பெண்ணும் வெட்ட ஆரம்பித்தாள் என்பது அவளுக்கு ரொம்ப நாள் தெரியாது. ராணியம்மாள் பூ வெட்டுவாள், வேதகிரி கட்டுவான். அவள் வெட்டும் ரோஜா மட்டும் ஓரத்தில் லேசாகச் சுருண்டு நிற்கும்.

எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் மார்த்தாள் ஜுரத்தில் படுத்தாள். பார்த்துக்கொள்ள ராணியம்மாள் போயிருந்தாள். மாமியாரைப் பார்க்காமல் இருந்தால் மரியாதையில்லை என்று வேதகிரியும் ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போனான். பாயின் கால்மாட்டில் நின்றான். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எல்லாம் சரியாகத்தான் செய்தான். கண் மட்டும் பழக்கதோஷத்தில் பாதத்தில் தொடங்கி மெல்லத் தலைவரைக்கும் போனது. உதடு தானாக அசைந்தது.

"அஞ்சே கால்."

ரெண்டு நாளாகப் புரண்டு படுக்கக்கூட முடியாமல் இருந்த மார்த்தாள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "மாதாவே! என்னை அளக்குறாண்டி!" கஷாயக் குவளை பறந்து வந்தது. பின்னாலேயே சாத்துக்குடிகள் ஒவ்வொன்றாக வந்தன. "இனிமே என் வூட்டு வாசப்படிய மிதிச்ச, நான் உன்னை அளந்துடுவேன்!"

வேதகிரி தெருவில் நின்று, "பயக்கத்துல வந்துடுச்சி அத்த" என்றான். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

ஜுரம் இறங்கியது. ராணியம்மாள் திரும்பவில்லை. கார்த்திகையும் வந்தது. நடுவில் இரண்டு சாவுக்கு வேதகிரி தனியாகக் காகிதம் வெட்டினான். பூவெல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி வந்தது. வீட்டில் கஞ்சி வைத்தால் அடி பிடித்தது. பசை காய்ச்சினால் கட்டி தட்டியது. இரண்டுக்கும் நடுவில் அவனுக்கு வித்தியாசமே மறந்துகொண்டிருந்தது.

மார்கழி பிறப்பதற்கு முன்னால் கன்னியப்பன் சேதியோடு வந்தான். கன்னியப்பன் சாவு மேளக்காரன். வேதகிரி பாடை கட்டும் வாசலில் எல்லாம் அவன் மேளம் காய்ச்சுவான்.

"உன் பொண்டாட்டிய சந்தையில பாத்தேன் மச்சான். கிறிஸ்மஸுக்கு அவங்கம்மா வூட்டுக்கு ஸ்டார் ஒண்ணு கட்டிக்கினு வரச் சொல்லுது. கெய்விகிட்ட பாலன் ஏசு சுரூபம் ஒண்ணு கீதாம், இத்தினிக்கூண்டு. பாவம், மாடத்துல பொடி டப்பா பக்கத்துல படுத்துக்கினு கீறாராம். அவருக்கு ஒரு குடில் கட்டிக் குடுத்தா கெய்வி மனசு எறங்கும்னுது. எறங்குனா உன்கூட வருமாம்."

"எறங்கலன்னா?"

"அங்கயே மாடு மேய்க்குமாம். இன்னொண்ணும் சொல்லிச்சி. பாடை மாதிரி மட்டும் இருக்கக்கூடாதாம்."

வேதகிரிக்கு அன்றைக்கே கை பரபரத்தது. உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் போனான். காகிதக் கடைக்காரர் அவனைப் பார்த்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "யாரு?" என்றார். அவருக்கு அவன் எப்போதும் ஒரே காரணத்துக்குத்தான் வருகிறவன்.

"யாரும் இல்லண்ணே. கிறிஸ்மஸுக்கு."

சாவுக்கு வாங்கும்போது யாரும் பேரம் பேசுவதில்லை; விற்கிறவரும் ஏற்றிச் சொல்வதில்லை. வேதகிரி அன்றைக்கு ஆசை தீரப் பேரம் பேசினான். கண்ணாடிக் காகிதத்தை வெயிலில் தூக்கிப் பார்த்தான். ஜிகினாத் தூளை விரலில் தேய்த்துப் பார்த்தான். கடைக்காரர் எரிச்சலில், "நீ பழைய மாதிரியே வாப்பா, நிம்மதியா இருந்துச்சு" என்றார்.

மூங்கிலைப் பிளந்து சிம்பு சீவினான். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டான். உட்கார்ந்து கட்டி முடித்துத் தூக்கிப் பிடித்தபோது நட்சத்திரத்துக்கு நாலு முனை இருந்தது.

"இது இன்னா, பட்டமா?" என்றான் கன்னியப்பன்.

வேதகிரி யோசித்துப் பார்த்தான். அவன் அதுவரைக்கும் கட்டியதெல்லாம் நாலில் அடங்கியது. நாலு கால், நாலு மூலை, தூக்க நாலு பேர். ஐந்தாவது முனையை எங்கே வைப்பது என்று கைக்குத் தெரியவில்லை. கடைத்தெருவுக்கு மறுபடி போய், ஒரு கடை வாசலில் தொங்கிய நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். ஒரே நீளத்தில் ஐந்து சிம்புகளை எடுத்து, கையைத் தூக்காமல் கோடு இழுப்பதுபோல ஒன்றின் மேல் ஒன்று போட்டால் நட்சத்திரம் தானே விழுகிறது என்று ஒருவழியாகப் பிடிபட்டது. அப்படி இரண்டு கட்டி, முதுகோடு முதுகு சேர்த்து, நடுவில் குச்சி கொடுத்து உப்பவைத்தான். சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டினான். கை தானாகக் குஞ்சத்துக்குப் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

மாமியாருக்கு ஜிகினாக் கரை வைத்து ஒரு விசிறி செய்தான். ராணியம்மாளுக்குச் சுருக்குக் காகிதத்தில் ரோஜாக் கொத்து. அதுவும் முட்டைக்கோஸ்தான், ஆனாலும் கண்ணாடிக் காகிதம் சுற்றியதும் கொஞ்சம் கௌரவமாக இருந்தது. கடைசியில் குடில். அதற்குத்தான் அவன் உயிரைக் கொடுத்தான். பாயை முடைவதுபோலச் சிம்பில் தட்டு முடைந்தான். நாலு கால் நிறுத்தினான். கால்களுக்கு வெள்ளியும் பச்சையும் சுற்றினான். வெயில் படாமல் இருக்க மேலே ஒரு கூரை, கூரை ஓரத்திலும் தட்டு ஓரத்திலும் பூ. குஞ்சம் இல்லை. அதில் அவன் ரொம்பக் கண்டிப்பாக இருந்தான். கன்னியப்பன் வந்து பார்த்துவிட்டு, "படா ஷோக்கா கீது மச்சான்" என்றான். அவனும் அந்தத் தொழிலிலேயே இருக்கிறவன். அவனுக்கு எப்படித் தெரியும்?

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மத்தியானம் வேதகிரி டவுன் பஸ் ஏறினான். நட்சத்திரம் பஸ்ஸின் மேலே, கத்திரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில். குடில் மடியில். தூசி படாமல் இருக்க அதன்மேல் வெள்ளை வேட்டி போர்த்தியிருந்தான். பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட அந்தப் பக்கமாகவே சாய்ந்தார்கள்.

கண்டக்டர் வந்தார். "யோவ், அந்த வேட்டிய எடுத்துடு. பாக்கவே ஒரு மாதிரி கீது."

"தூசி படும் சார்."

"பட்டா படட்டும்யா. டிரைவரு கண்ணாடில உன்னையே பாத்துக்கினு ஓட்றாரு. அப்புறம் அல்லாருக்கும் நீதான் கட்டணும்."

பஸ்ஸே சிரித்தது. வேதகிரி வேட்டியை மடித்து வைத்துக்கொண்டான். சிரித்தவர்கள் குடிலைப் பார்த்தார்கள். பார்த்து ஏனோ சட்டென்று அடங்கினார்கள். அழகில் மயங்கிவிட்டார்கள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

தெருவில் எல்லா வீட்டுக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தது. மார்த்தாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வேதகிரி படிக்கு வெளியே, தெருவிலேயே நின்றான். ராணியம்மாள் கதவோரம் வந்து நின்றாள். அவள் கண்ணை அவன் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடியே, "அத்த, ஸ்தோத்திரம்" என்றான்.

மார்த்தாள் நட்சத்திரத்தைப் பார்த்தாள். ஐந்து முனையையும் எண்ணினாள். "பரவால்ல" என்றாள். ராணியம்மாள் அதை வாங்கி நிலைப்படி ஆணியில் மாட்டினாள். மார்த்தாள் விசிறியை வாங்கி இரண்டு தரம் வீசிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு சுலோச்சனா, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருப்பவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தாள். ராணியம்மாள் ரோஜாக் கொத்தை முகத்தருகே வைத்துச் சிரிப்பை மறைத்தாள். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

வேதகிரி குடிலைப் படியில் வைத்தான். மார்த்தாளே மாடத்திலிருந்து பாலன் சுரூபத்தை எடுத்து, முந்தானையால் பொடியைத் துடைத்து, தட்டின் நடுவில் படுக்க வைத்தாள். நாலு கால். மேலே விதானம். ஓரமெல்லாம் பூ. நடுவில் கையை விரித்து மல்லாந்து படுத்திருந்தார் பாலன்.

சுலோச்சனா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"அடப்பாவி!" என்று மார்த்தாள் எழுந்தாள். "பொறக்கறதுக்கு மின்னயே ஏசப்பாவைத் தூக்கிப் பாடையில வச்சிட்டியேடா!"

அப்போதுதான் வேதகிரிக்கும் தெரிந்தது. ஒரு வாரமாக மடியிலும் பாயிலும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது, இப்போது அந்தச் சின்ன உருவம் படுத்ததும் சட்டென்று என்னவென்று தெரிந்துவிட்டது. தூக்க நாலு பேர்தான் பாக்கி. ராணியம்மாளைப் பார்த்தான். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டிருந்தது. முடிந்தது, இனி மாடு மேய்க்க வேண்டியதுதான் என்பதுபோல நின்றாள்.

"அத்த, குஞ்சம்கூட வைக்கல..."

"குஞ்சம் வேறயா!" மார்த்தாள் அவன் கொடுத்த விசிறியாலேயே படபடவென்று விசிறிக்கொண்டு திட்டினாள். "புள்ள பொறந்தா எங்கடா போடுவாங்க? ஏழு புள்ள பெத்தேன். நடவு நட்ற எடத்துல வேப்பமரத்துல ஏணை கட்டிப் போட்டு வளத்தேன். நீ பொறந்தப்போ உங்கம்மா உன்னை எதுல போட்டா, இதுலயா?"

திட்டத் திட்டவே கை வேலையில் இறங்கிவிட்டது. விதானத்தைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். நாலு கால்களையும் மேலே வளைத்து ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தாள். மூங்கில் சிம்பு, சொன்னபடி வளைந்தது. "கயிறு குட்ரி" என்றாள். ராணியம்மாள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். உச்சியை இறுக்கி ஒரு முடிச்சு. நட்சத்திரம் தொங்கிய நிலைப்படி ஆணியிலேயே அதையும் மாட்டினாள். பாலனை எடுத்து உள்ளே போட்டாள்.

தொட்டில் ஆகியிருந்தது. வெள்ளியும் பச்சையுமாகச் சுற்றிய கால்கள் மேலே கூடி நிற்க, பூக்களுக்கு நடுவில் பாலன் லேசாக ஆடிக்கொண்டிருந்தார். மார்த்தாள் இன்னும் திட்டி முடிக்கவில்லை. ஆனால் விரல் ஒன்று தானாகப் போய்த் தொட்டிலை ஒரு தள்ளு தள்ளியது. அப்புறம் இன்னொரு தள்ளு.

"ஐய, எவ்ளோ அயகா கீது" என்றாள் சுலோச்சனா. "அண்ணா, இதே மாதிரி எனக்கு ஒண்ணு பெருசா கட்டித் தரியா? தை மாசம் பேர் வைக்கறப்போ பூத்தொட்டில்ல போடணும்."

வேதகிரிக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்தபிறகு நம்பவில்லை. இதுவரைக்கும் போகிறவர்களுக்குத்தான் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு எப்படிக் கட்டுவது, யார் சொல்லி அனுப்புவார்கள், என்ன கலர் என்று ஒன்றும் தெரியாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"கட்டுவாரு" என்றாள் ராணியம்மாள். "பூ நான் வெட்றேன். வூட்டாண்ட வந்து கலரு சொல்லிட்டுப் போ."

"எந்த வூட்டாண்ட?" என்று மார்த்தாள் கேட்டாள், தொட்டிலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"எங்க வூட்டாண்டதான். இவரு வெட்ன பூவ பாத்தியாமா? நான் போவலன்னா அந்தப் புள்ள முட்டைக்கோஸ்லதான் படுக்கும்."

மார்த்தாள் கொஞ்ச நேரம் விசிறினாள்.

"நாளைக்குக் கறிச்சோறாவது துன்னுட்டுப் போவீங்களா, இல்ல இப்பவே மூட்டை கட்டிட்டியா?"

"துன்னுட்டுதான்."

"அப்ப அவன இன்னாத்துக்குத் தெருவுல நிக்க வச்சிக்கினு கீற? வாசப்படிய அடைச்சிக்கினு. உள்ள வரச் சொல்லு."

வேதகிரியின் காலில் செருப்பு இல்லை. ஆனாலும் கழற்றுவதுபோல ஒரு தரம் காலை உதறிவிட்டு, தொட்டிலில் தலை இடிக்காமல் குனிந்து, படியேறினான்.