கதவுக்கு வெளியே நோயாளி

பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்த அன்று என் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். "நீங்க உக்காருங்க மேடம், சார் மட்டும் வரட்டும்" என்றார் டாக்டர். நோய் என்னுடையது, உள்ளே போனது என் கணவர்.

பெங்களூரில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆனாலும் மலத்தில் ரத்தம் தென்பட்டபோது மூலம் என்று நினைத்து, நானே களிம்பு தடவி நாளைக் கடத்தினேன். அதற்காக என்னை நானே வேண்டிய மட்டும் திட்டிக்கொண்டாயிற்று.

வெளியே வந்த கணவர், சாதாரணப் புண்தான், சின்ன ஆபரேஷன் போதும் என்றார். வீட்டுக்கு வந்ததும் ஆரஞ்சு உரித்து, நாரெல்லாம் எடுத்து, தட்டில் வைத்து நீட்டினார். கல்யாணமான நாளிலிருந்து எனக்காக ஒரு வாழைப்பழம்கூட உரிக்காத மனிதர். அந்தத் தட்டைப் பார்த்ததும் புற்றுநோய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆத்திரமாக வந்தது. நான் என்ன குழந்தையா? அப்படிப் பொருமிக்கொண்டிருந்தபோதுதான் முதிந்தாவின் முகம் நினைவுக்கு வந்தது.

ஓய்வுக்குப் பிறகு, தெரிந்த கன்னியாஸ்திரீகள் மூலமாக ஜாம்பியாவில் ஒரு கிராம கிளினிக்கில் சில மாதங்கள் தொண்டு செய்தேன். சந்தையில் கருவாடு விற்கும் முதிந்தா அங்கே வந்தாள். அவள் மார்பில் இருந்த கட்டி என் கைக்கு நல்லதாகப் படவில்லை. அவளிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று சிரித்துவிட்டு, கூட வந்த தம்பியை மரத்தடிக்கு அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். நம் ஊரில் அப்படித்தானே செய்வோம்? அதற்குக் கரிசனம் என்று பெயர் வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் முதிந்தா என் மேஜை முன்னால் வந்து நின்றாள். "என் உடம்பைத் தொட்டுப் பார்த்தாய். சேதியை அவனிடம் சொன்னாய். எனக்கு எப்போது சொல்வதாக இருந்தாய்?" என்று அவள் கேட்டதை அங்கிருந்த நர்ஸ் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். பெயருக்கு மன்னிப்புக் கேட்டேன். மனதுக்குள், நன்றி கெட்டவள், குடும்பப் பாசம் தெரியாத ஜனம் என்று நினைத்தேன். பெங்களூரில் எங்கள் விவேக் நகருக்குத் திரும்பியதும் மாதா கோவில் தோழிகளிடம் அதை அப்படியே சொன்னேன். எல்லோரும் என்னைத்தான் பாவம் என்றார்கள். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மறுநாள் தனியாக ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரின் அறைக்குள் நேராக நுழைந்து, என் ரிப்போர்ட்டை என்னிடம் சொல்லுங்கள் என்றேன். "சார்தான் வேண்டான்னாரு. நீங்க தாங்க மாட்டீங்கன்னாரு" என்றார் அவர், தர்மசங்கடமாக.

பிறகு சொன்னார். மலக்குடலின் அடிமுனையில் புற்று. அந்த இடத்தை முழுதாக எடுத்துவிட்டு நிரந்தரக் கொலோஸ்டமி (குடலின் முனையை வயிற்றுத் தோலில் பொருத்தி, மலம் ஒரு பையில் சேரும்படி செய்வது) வைப்பதே பத்திரமான வழி. மலவாய்த் தசையை விட்டுவைத்தால் நோயும் மிச்சமிருக்கலாம். என் கணவர் பை வேண்டாம் என்றிருக்கிறார், பையோடு என்னால் வாழ முடியாதாம்.

அதாவது என் உயிரைப் பணயம் வைத்து, என்னைக் கேட்காமலே ஒரு முடிவு ஆகியிருந்தது.

"உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்?" என்றார் கணவர், அன்று மாலை.

"என் நல்லது எதுன்னு எங்கிட்ட கேட்டீங்களா?"

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. பை வைக்கச் சம்மதம் என்று நானே கையெழுத்துப் போட்டேன்.

இதைப் படிக்கும் உங்களையும் வெளியே உட்காரச் சொல்லலாம். உட்காராதீர்கள். கூடவே உள்ளே போங்கள்.

அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்துவிட்டன. அடுத்த ஸ்கேன் வரைக்கும்தான் எனக்குக் காலண்டர், அதற்கு அப்பால் யார் கல்யாணத்துக்கும் வருவதாக நான் வாக்குக் கொடுப்பதில்லை. இடது வயிற்றில் பை இருக்கிறது. அடக்கிவைக்கத் தசை இல்லாததால், வயிறு நினைத்த நேரத்தில் சத்தம் போடுகிறது.

போன ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கி எல்லோரும் அமைதியாக முழங்காலில் இருந்தபோது அது உரக்கக் கடமுடவென்றது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பினார்கள். என் கணவர் அதை மறைக்க அவசரமாக இருமினார், பிறகு இன்னும் பலமாக இருமினார்.

நான் அவர் முழங்கையைப் பிடித்தேன்.

"இருமாதீங்க. அது என் வயிறு. கேக்கட்டும்."