துவைக்காத கோட்டு

ஆயிரத்து எண்ணூற்று அறுபதுகளில் லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் துணி துவைத்தவள் தீர்ஸா ஓல்ட்ராய்டு. அங்கே அவள் கை படாத துணி ஒன்றுதான்: பெரிய டாக்டர் கார்சைடு அறுவைக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டு. வருஷக்கணக்கான ரத்தமும் சீழும் காய்ந்து மரப்பலகையாக விறைத்திருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாற்றம் தாங்காமல் அதைத் தொட்டியில் போடப் போனாள். டாக்டர் ஓடிவந்து பிடுங்கினார்.

"அடி பைத்தியக்காரி! இது என் கௌரவம். இதையா தண்ணியில முக்கப் பார்த்தே?"

மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கறை ஏற ஏறக் கைராசி என்பது அங்கே எல்லோரும் நம்பிய கணக்கு. தீர்ஸாவும் நம்பினாள்.

அவள் கணவன் பெயர் சேத். ஒருநாள் ஆலை இயந்திரத்தில் அவன் கை நசுங்கியது. அன்றைய முறை ஓர் இளம் டாக்டருடையது. அவர் கோட்டில் ஒரு சொட்டுக் கறை இல்லை. தீர்ஸா வாசலிலேயே மறித்தாள்.

"நீங்க தொடாதீங்க ஐயா. புதுக் கோட்டுக்காரர் எங்களுக்கு வேண்டாம். காலைப் பிடிச்சாவது பெரியவரைக் கூட்டியாறேன்."

அப்படியே காலைப் பிடித்தாள். கார்சைடு கையைக் கச்சிதமாக வெட்டி எடுத்தார். புண் அழுகி, காய்ச்சல் கண்டு, அந்த வாரமே சேத் போய்ச் சேர்ந்தான். "கெட்ட காத்தும்மா, என்ன செய்ய?" என்றார் டாக்டர். அவருக்கு அவள் நன்றி வேறு சொன்னாள்.

சில வருஷங்கள் கழித்து கார்சைடு கிளாஸ்கோ நகரத்துக்குப் போய், அங்கே ஒரு டாக்டர் கண்டறிந்ததைக் கேட்டுவந்து மாணவர்களைக் கூட்டினார். கெட்ட காற்று இல்லையாம், கண்ணுக்குத் தெரியாத கிருமியாம். கையிலும் கத்தியிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு ஒரு புண்ணிலிருந்து இன்னொரு புண்ணுக்குத் தாவுமாம். என்னமோ தானே கண்டுபிடித்தது போல முழங்கிவிட்டு, கோட்டைச் சுருட்டித் தீர்ஸாவிடம் நீட்டினார்.

"நல்லாக் கொதிக்க வெச்சுத் துவை."

கூடையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டவள் கோட்டை வாங்கி மேசைமேல் விரித்தாள்.

"இதுல என் சேத்தோட ரத்தம் எங்கே இருக்கு? காட்டுங்க."

"இந்தக் கிருமி விஷயம் அப்ப யாருக்கும்மா தெரியும்?"

"எனக்கும்தான் தெரியாது. அதனாலதானே நல்ல கோட்டுக்காரரை விரட்டிட்டு உங்க காலைப் பிடிச்சேன்! நான் சாகிறவரைக்கும் அதை நினைச்சு வேகணும், நீங்க துவைச்சுப் போட்டுக்கிட்டுப் போயிடுவீங்களா?"

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. கோட்டை எடுத்து அவர் தோளிலேயே போட்டாள்.

"உங்க கௌரவம் ஐயா. நான் தண்ணியில முக்க மாட்டேன்."