முதலாளி அறை டி.வி.யும் அறந்தாங்கி கவுண்டரும்

"அந்த அறந்தாங்கிப் பொண்ண சனிக்கிழமையோட நிப்பாட்டிருங்க. தூங்கிக்கிட்டே வேலை பாக்குது."

முதலாளி இதைச் சொன்னபோது அவர் தலைக்கு மேலே பெரிய டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் ஐந்து கவுண்டர்களும் அதில் தெரியும். பதிவு தாமதமானால் அந்தக் கவுண்டர் சிவப்பாகிவிடும். நான்கு பச்சை, அறந்தாங்கி மட்டும் சிவப்பு.

புதுக்கோட்டை தலைமை அலுவலகத்தில் டேட்டாபேஸ் என் பொறுப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போதே கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறந்தாங்கி கவுண்டரில் இருந்தவள் ஸ்டெல்லா. அவள் கணவர் வெளிநாட்டில் பார்த்த வேலை பறிபோய் ஊர் திரும்பியிருந்தார். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. போன் செய்தேன்.

"அக்கா, நான் பேரு அடிச்சு பட்டனத் தட்டிடுறேன். அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கு. சுகர் டெஸ்டுக்கு வெறும் வயித்தோட வந்தவங்க என்னயத்தான் ஏசுறாங்க. நேத்து ஒரு பெரியவருக்கு மயக்கமே வந்திருச்சு. நான் என்னக்கா செய்வேன்?"

"எப்பவுமே இப்படித்தானா?"

"தேரன்னைக்கு மட்டும் நல்லா ஓடுச்சுக்கா. பஸ்ஸ சுத்தி விட்டுட்டாங்க, நான் கடைசியாத்தான் வந்து லாகின் பண்ணுனேன். அன்னைக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

தேரன்று என்ன நடந்தது என்று எனக்கும் நினைவிருந்தது. அன்று ஆவுடையார்கோவில் கவுண்டர் சிவப்பு. "அங்கிட்டு நெட்டு சரியில்ல போல" என்று முதலாளி விட்டுவிட்டார். அங்கே உட்கார்ந்திருந்தவர் அவருடைய மச்சினன். மச்சினனுக்கென்றால் நெட்டு, ஸ்டெல்லாவுக்கென்றால் தூக்கமா?

கவுண்டர்கள் நேராக டேட்டாபேஸுக்குப் போவதில்லை. நடுவில் ப்ராக்ஸி என்றொரு மென்பொருள் நிற்கும். எங்கள் ப்ராக்ஸிக்குள் நான்கு வொர்க்கர் த்ரெட்டுகள், நான்கு வேலையாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாராவது லாகின் செய்து புதிதாக ஒரு கனெக்ஷன் வந்தால், கையில் குறைவான கனெக்ஷன் உள்ள த்ரெட்டிடம் அது போகும்; எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் முதல் த்ரெட்டிலிருந்து வரிசையாகப் போகும். ப்ராக்ஸி தலையை எண்ணுமே தவிர, சுமையைப் பார்க்காது. கொடுத்தால் கொடுத்ததுதான், லாக்அவுட் ஆகும்வரை அந்தக் கனெக்ஷன் அந்த த்ரெட்டோடுதான். ரேஷன் கடையில் முன்னால் நிற்பவர் ஒருத்தர்தானே என்று போய் நிற்போம், அவர் கையில் தெருவுக்கே கார்டு இருக்கும். அந்த மாதிரி.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். காலையில் ப்ராக்ஸியை ரீஸ்டார்ட் பண்ண வேண்டும். சாமி படத்துக்குப் பத்தி கொளுத்தி, முதலில் முதலாளி அறை டி.வி.யைப் போட வேண்டும். அதன் பிறகுதான் கவுண்டர்கள் லாகின் செய்யலாம். ஆக, முதல் த்ரெட் டி.வி.க்கு. டவுனில் உள்ள மூன்று கவுண்டர்களும் மற்ற மூன்றுக்குப் போகும். அடுத்து லாகின் செய்பவள் ஸ்டெல்லா, மறுபடி முதல் த்ரெட். கடைசியாக மச்சினன், இரண்டாவது த்ரெட். அந்த டி.வி.யோ சில நொடிக்கொருமுறை மொத்தப் பதிவுகளையும் இழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சுமைக்குப் பின்னால்தான் ஸ்டெல்லா தினமும் நின்றாள். தேரன்று அவள் கடைசியாக வந்ததால் அந்த இடத்தில் மச்சினன் மாட்டிக்கொண்டார்.

நேராக முதலாளி அறைக்குப் போய், டி.வி.யை ஓட்டிய கம்ப்யூட்டரை அணைத்தேன்.

"ஏம்மா, என்ன பண்றீங்க?"

"கொஞ்சம் பொறுங்க சார்." ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். "இப்ப ஒரு பதிவு போட்டுப் பாரு."

"ஐயய்யோ அக்கா, தட்டுனதும் விழுந்திருச்சு!"

போனை வைத்துவிட்டுச் சொன்னேன். "யாரு மெதுவா இருக்காங்கன்னு பாக்க நீங்க வச்ச டி.வி.தான் சார் அவளை மெதுவாக்குது. ஒரு தப்பும் பண்ணாதவ மேல பழியப் போட்டுட்டீங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார், "சரி, டி.வி.ய எப்பப் போடுவீங்க?"

அடப்பாவி மனுசா என்று மனசுக்குள் திட்டினேன். டி.வி.க்கென்று டேட்டாபேஸின் நகல் ஒன்றைத் தனியாக வைத்தேன். சுமை கூடிய த்ரெட்டிலிருந்து கனெக்ஷனை வேறு த்ரெட்டுக்கு மாற்றும் வசதி ப்ராக்ஸியிலேயே இருந்தது, அதையும் போட்டுவிட்டேன். அறந்தாங்கி பச்சையானது. வேலை நீக்கப் பேச்சும் நின்றது.

ஒருத்தரை மந்தம் என்று சொல்லும் முன் அவர் யாருக்குப் பின்னால் நிற்கிறார் என்று பாருங்கள். நான் கற்றது இதுதான். முதலாளி கற்றாரா என்று கேட்காதீர்கள். "நீங்களே அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்று சனிக்கிழமை போனை நீட்டினேன். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"இப்பத்தாம்மா ஒழுங்கா வேலை பாக்குற. இதே மாதிரி வேகமா இரு" என்றார்.

ஸ்டெல்லா பட்டென்று சொன்னாள்: "நான் அன்னைக்கும் இதே வேகந்தான் சார்."